கேட்டெழுதுவோரின் துணைநூல்கள்

வைத்தியர் ஒருவர் நோயாளியைப் பரிசோதித்து முடித்ததும், தாம் கண்டதையும் கருதியதையும் ஒரு யந்திரத்தின் முன் வாயால் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட, அந்தக் குரலைச் சில மணி நேரம் கழித்து, பல சமயம் பல்லாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து, வைத்தியரையோ நோயாளியையோ ஒருநாளும் கண்டிராத ஒருவர் காதில் வாங்கி எழுத்தாக வடித்துக் கொடுப்பதே மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்னும் தொழில். தமிழ்நாட்டில் இது 1990-களின் இறுதியில், பத்திரிகை விளம்பரங்கள் வாயிலாகவே பெரும்பாலோருக்கு அறிமுகமாயிற்று. ஆதலின், கணிப்பொறியோடு பிறந்து கணிப்பொறியோடு கப்பலேறி வந்த நேற்றைய தொழில் இது என்றே பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இதன் சரித்திரம் உண்மையில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்டது. அந்தச் சரித்திரத்திலும், யந்திரங்களின் கதையைப் பலர் சொல்லியிருக்க, கேட்டெழுதியவர்கள் தங்கள் மேஜையில் எந்தெந்தப் புத்தகங்களை வைத்துக்கொண்டு எழுதினார்கள், அந்தப் புத்தகங்களை யார் செய்தார்கள் என்னும் கதையை எடுத்துச் சொன்னவர் சிலரே. எனக்கோ பின்னதே சுவையுடையதாகத் தோன்றுகிறது.

அச்சுவைக்குக் காரணம் இத்தொழிலுக்கே உரிய ஒரு சங்கடம். அகராதி என்பது சொல்லின் எழுத்துக்களை முன்னமே அறிந்தவருக்குப் பொருளைச் சொல்லும் நூல். கேட்டெழுதுபவரிடம் இருப்பதோ ஒலி ஒன்றே. நுரையீரல் அழற்சியைக் குறிக்கும் நிமோனியா என்ற சொல்லை 'என்' என்ற எழுத்தின்கீழ் வாழ்நாள் முழுவதும் தேடினாலும் அகப்படாது. அது ஒலியாத 'பி' என்ற எழுத்தின்கீழ் ஒளிந்துகொண்டிருக்கிறது. சோரியாசிஸும் அப்படியே, இமை தொய்வதைக் குறிக்கும் டோசிஸும் அப்படியே. சிறுகுடலின் கடைப்பகுதிக்கு வழங்கும் பெயருக்கும் இடுப்பெலும்பின் மேற்பகுதிக்கு வழங்கும் பெயருக்கும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்தே வேற்றுமை. ஒலியில் அந்த வேற்றுமையும் இல்லை, இரண்டும் இலியமே. டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்குவதில் இடர், டிஸ்ஃபேசியா என்றால் பேச்சில் இடர். ஒலிநாடாவின் கரகரப்பில் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள மெல்லிய கோடு அழிந்துபோவது எளிது. கைகால்களை உடலைவிட்டு விலக்குவதை அப்டக்ஷன் என்றும், உடலோடு சேர்ப்பதை அடக்ஷன் என்றும் சொல்ல நேர்ந்தபோது, அனுபவம் முதிர்ந்த வைத்தியர்கள் முதல் இரண்டு எழுத்துக்களைத் தனித்தனியே உச்சரித்துவிட்டு மேலே செல்வது வழக்கம். அனுபவம் முதிராதவர்களும், முதிர்ந்தும் அலட்சியமுடையவர்களும் அவ்வளவு தயை காட்டுவதில்லை. காதில் விழுந்ததற்கும் காகிதத்தில் விழவேண்டியதற்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியைக் கடப்பதற்காக உண்டானவையே நான் சொல்ல வந்த நூல்கள் எல்லாம்.

வைத்தியர் வாய்ச்சொல்லை எழுத்தில் பெறவேண்டிய அவசியம் எப்படி உண்டாயிற்று என்பதை முதலில் பார்க்கவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்க வைத்தியர்கள் தம் குறிப்பைத் தம் கையாலேயே எழுதினர், எழுதாதவரும் பலர், எழுதியவரின் கையெழுத்தை வாசிக்கக்கூடியவர் வேறெங்கும் போல அங்கும் அபூர்வமே. 1897-இல் பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை, கிரேஸ் வைட்டிங் மையர்ஸ் என்ற பெண்மணியை நோய்க் குறிப்புகளின் பாதுகாவலராக நியமித்தது. ஆவணக் காப்பாளர் என்ற தனித் தொழிலுக்கு அவரையே முதல்வராகக் கொள்வர்; 1928-இல் ஆவணக் காப்பாளர் சங்கம் பாஸ்டனில் அமைந்தபோது அதன் முதல் தலைவியும் அவரே. அதே மருத்துவமனையில் எர்னஸ்ட் அமோரி காட்மன் என்ற ரண வைத்தியர், தாம் செய்த ஒவ்வொரு சிகிச்சையின் முடிவையும் சிறு அட்டையில் குறித்து, ஓராண்டு கழித்து நோயாளி எப்படியிருக்கிறார் என்பதை விசாரித்து எழுதவேண்டும் என்று வற்புறுத்தினார். சக வைத்தியர்களுக்கு இது ரசிக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எனினும் அவர் கருத்து வீண்போகவில்லை. 1913-இல் தோன்றிய அமெரிக்க ரண வைத்தியர் கல்லூரி, காட்மன் கருத்தின் தூண்டுதலால், 1917-இல் மருத்துவமனைகளுக்கு உரிய குறைந்தபட்ச விதிகளை ஒரே பக்கத்தில் வகுத்தது. நோயாளியின் அடையாளம், அவர் சொல்லும் முறையீடு, அவருடைய பூர்வ சரித்திரம், குடும்ப சரித்திரம், தற்போதைய நோயின் வரலாறு, உடற்பரிசோதனை, ஆய்வுக்கூட முடிவு, தாற்காலிக நிர்ணயம், சிகிச்சை, அன்றாட முன்னேற்றம், இறுதி நிர்ணயம், வீடு திரும்பும்போது இருந்த நிலை ஆகியவை எல்லாம் குறிப்பில் இருக்கவேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. மறு ஆண்டில், நூறு படுக்கைக்கு மேற்பட்ட 692 மருத்துவமனைகளைச் சோதித்துப் பார்த்ததில் 89 மட்டுமே தேறின. தேறாதவற்றுள் நாட்டின் மிகப் பெரிய பெயருடையவை சில இருந்தமையால், 1919-இல் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் கூடிய அக்கல்லூரியார், பத்திரிகைக்காரர் கையில் பட்டியல் சிக்கிவிடுமே என்று அஞ்சி, அதனை ஹோட்டலின் உலையிலேயே எரித்துவிட்டனர். பட்டியல் சாம்பலாயிற்று, விதி நிலைத்தது. இன்றைக்குச் சென்னையில் ஒரு பெண் திரையில் தட்டச்சு செய்யும் அறிக்கையின் தலைப்புக்களை மேலே சொன்ன வரிசையோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர், நூறாண்டுக்கு முந்திய அந்த ஒற்றைப் பக்கம் எவ்வளவு சிறிதே மாறியிருக்கிறது என்று வியப்பர். இடையில் 1968-இல் லாரன்ஸ் வீட் என்ற வைத்தியர், நோயாளி சொல்வது, வைத்தியர் காண்பது, மதிப்பீடு, திட்டம் என்று நான்காகப் பகுத்து எழுதும் முறையைப் பரப்பினார் என்பது ஒன்றே குறிப்பிடத்தக்க மாறுதல்.

இவ்வளவு எழுதவேண்டும் என்று விதி வந்த பிறகு, எழுத நேரமில்லாத வைத்தியர் சொல்ல, வேறொருவர் எழுதுவது தவிர வேறு வழி இல்லை. அதற்குச் சுருக்கெழுத்து தயாராக இருந்தது. ஐசக் பிட்மன் 1837-இல் இங்கிலாந்திலும், ஜான் ராபர்ட் கிரெக் 1888-இல் அங்கேயே வெளியிட்டுப் பின் அமெரிக்காவில் வேரூன்றச் செய்தும் பரப்பிய இரு முறைகளும் ஒலியையே எழுதுபவை. கேட்ட ஒலிக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். ஆகவே சொல்லின் எழுத்தமைப்பு என்ன என்ற கவலை, எழுதும் கணத்தில் எழாமல், பின்னர் தட்டச்சுப் பொறியின் முன் உட்காரும்போதே எழுந்தது. அப்போது ஐயம் வந்தால் எழுந்து போய் வைத்தியரிடம் கேட்டுவிடலாம். அவர் அதே கட்டடத்தில், பல சமயம் அடுத்த அறையிலேயே இருந்தார். சுருக்கெழுத்துக்காரியின் முதல் அகராதி வைத்தியரே என்று சொல்லலாம்.

அந்த அகராதியைப் பறித்துக்கொண்டது யந்திரம். தாமஸ் எடிசன் 1877-இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டு, மறு ஆண்டில் அதனால் விளையக்கூடிய பயன்களை ஒரு பத்திரிகைக் கட்டுரையில் வரிசைப்படுத்தியபோது, சங்கீதத்துக்கு அவர் தந்த இடம் பின்னால்தான். சுருக்கெழுத்தாளர் இல்லாமலே கடிதம் சொல்லி எழுதிக்கொள்வதையே முதலில் வைத்தார். எடிசன் பயன்படுத்திய தகரத் தாளுக்குப் பதிலாக, அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் வாஷிங்டன் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் 1880-களில் மெழுகைப் புகுத்தினர். அவர்கள் வழிவந்த கொலம்பியா கிராஃபபோன் கம்பெனி 1907-இல் டிக்டபோன் என்ற பெயரைப் பதிவு செய்துகொண்டது. மெழுகு உருளையில் வைத்தியர் பேசுவார். உருளை தட்டெழுத்துக்காரியின் அறைக்குப் போகும். அவள் குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு, காலால் மிதித்து ஓட்டியும் நிறுத்தியும் கேட்டு எழுதுவாள். எழுதி முடிந்த உருளையின் மேற்பரப்பைச் சீவிவிட்டால் மறுபடி பேசலாம். இன்று ஒலி கணிப்பொறிக்குள் போய்விட்டது; மெழுகு, பட்டை, நாடா எல்லாம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன; காலடி மிதி மட்டும் ஃபுட் பெடல் என்ற பெயரோடு இன்னும் மேஜைக்கடியில் கிடக்கிறது. 1947-இல் வந்த டிக்டபெல்ட் என்னும் பிளாஸ்டிக் பட்டையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: அதில் குரல் வரிவடுவாக அழுத்தப்பட்டமையால் அதை அழிக்க இயலாது. சீவி அழித்து மீண்டும் பயன்படுத்தும் மெழுகைவிட அது செலவு வைத்தது; ஆனால் என்ன சொல்லப்பட்டது என்று பின்னால் விவகாரம் எழுந்தால் எடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

யந்திரம் வந்த பிறகு சொன்னவரும் எழுதுபவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கவேண்டியதில்லை என்றாயிற்று. வைத்தியர் இரவில் பேசிவிட்டுப் போவார். எழுதுபவள் காலையில் வருவாள். கேட்பதற்கு ஆள் இல்லை. இப்போதுதான் புத்தகத்தின் தேவை உண்மையாக எழுந்தது.

அமெரிக்காவில் மருத்துவ அகராதிகளுக்கு அப்போது பஞ்சமில்லை. ஜெஃபர்சனுக்கு வைத்தியராக இருந்த ராப்ளி டங்ளிசன் 1833-இலேயே ஒன்று வெளியிட்டார். ராணுவ வைத்திய நூலகத்தை உலகப் பிரசித்தமாக்கி, 1879-இல் இண்டெக்ஸ் மெடிக்கஸ் என்ற கட்டுரை அட்டவணையைத் தொடங்கிய ஜான் ஷா பில்லிங்ஸ் 1890-இல் ஒன்று தொகுத்தார். நிலைபெற்றவை இரண்டு: ஃபிலடெல்ஃபியாவில் டபிள்யூ. பி. சாண்டர்ஸ் கம்பெனியார் 1900-இல் வெளியிட்ட டார்லண்டின் அகராதி ஒன்று. 1911-இல் நியூயார்க்கில் வந்த தாமஸ் லாத்ரப் ஸ்டெட்மனின் அகராதி மற்றொன்று. இரண்டும் பதிப்புக்கு மேல் பதிப்பாகப் பெருகி இன்றளவும் வாழ்கின்றன. ஆக்கியோர் மறைந்த பின்னரும் அவர்கள் பெயரே நூலின் பெயராயிற்று. இவற்றின் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் இவை வைத்தியர்கள் வைத்தியர்களுக்காகச் செய்தவை. கிரேக்கமும் லத்தீனும் ஓரளவு பயின்று, சொல்லை ஏட்டில் கண்டு, பொருள் தேடி வருபவரை உத்தேசித்தவை. ஒலியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பவருக்கு இந்த மாளிகையின் கதவு எந்தப் பக்கம் என்று தெரிவதில்லை.

இங்கே நம் நாட்டுச் சமாசாரம் ஒன்று நினைவுக்கு வருகிறது. வாசகர்கள் இந்தச் சிறு விலகலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தமிழில் சொற்களை முதலெழுத்து வரிசையில் அடுக்கும் அகராதி முறை, 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் செய்த அகராதி நிகண்டில்தான் வருகிறது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே திவாகரமும் பிங்கலமும் இருந்தன. அவை தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பொருள் வகையால் சொற்களைத் தொகுத்தன. எந்தப் பொருளைப் பற்றிய பேச்சு என்பது தெரிந்தால் போதும், அதற்குரிய சொற்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி ஒரு படி மேலே போய், பல பொருள் தரும் சொற்களை எதுகை முறையில் அடுக்கிற்று. வீரமாமுனிவரும் 1732-இல் சதுரகராதி செய்தபோது அதன் நான்காம் பகுதியைத் தொடையகராதி என்று எதுகைக்கே ஒதுக்கினார். செவியால் கற்றுச் செவியால் நினைவில் வைத்த மக்களுக்குப் பொருளும் ஒலியுமே வழிகாட்டிகள். முதலெழுத்து வரிசை பிற்பாடு வந்த வசதி.

அமெரிக்கத் தட்டெழுத்துப் பெண்கள் நிகண்டைக் கண்டவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் தேவை அவர்களை அதே வழியில் செலுத்தியது. ஒவ்வொருத்தியும் தன் மேஜையில் ஒரு சிறு அட்டைப்பெட்டியோ குறிப்பு நோட்டோ வைத்திருந்தாள். புதிதாகக் கேட்ட கருவியின் பெயர், புதிய தையல் நூலின் பெயர், ஒரு குறிப்பிட்ட ரண வைத்தியர் விரும்பி வழங்கும் சொற்றொடர், இவற்றை எழுதி, இருதயம், கண், எலும்பு என்று பிரித்து வைத்துக்கொள்வாள். இந்தப் பெட்டிகளே பின்னர் அச்சேறின. 1973-இல் ஷீலா ஸ்லோன் தொகுத்து சாண்டர்ஸ் கம்பெனி வெளியிட்ட தி மெடிக்கல் வேர்ட் புக், பொருள் கூறுவதையே விட்டுவிட்டு, சொற்களை மருத்துவத் துறைவாரியாகப் பிரித்து எழுத்தமைப்பை மட்டும் கொடுத்தது. கேட்கும் அறிக்கை கண் சிகிச்சையைப் பற்றியது என்று தெரிந்தால், கண்ணுக்குரிய பகுதியைத் திறந்து, ஏறக்குறைய ஒலிக்கும் சொல்லைக் கண்ணால் ஓட்டித் தேடிப் பிடித்துவிடலாம். பொருள் கூறாத சொற்பட்டியலை நூல் என்று சொல்லலாமா என்று பண்டிதர்கள் முகம் சுளிக்கலாம். நள்ளிரவில் காதில் குழாயோடு உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பட்டியல் ஒரு கலைக்களஞ்சியத்தைவிடப் பெரிது. 1979-இல் டீல், ஃபோர்ட்னி என்ற இருவர் எழுதிய பாடநூலும், 1981-இல் கிளாடியா டெஸியர் ரண வைத்தியத்துக்கென்றே செய்த சொல்நூலும் இவ்வழியில் வந்தவை. பாடநூல்களில் வேறொரு சிறு அட்டவணையும் இடம்பெறலாயிற்று: 'ஸ' ஒலி கேட்டால் இன்னின்ன எழுத்துக்களின்கீழ்த் தேடுக, 'ந' ஒலி கேட்டால் இன்னின்ன எழுத்துக்களின்கீழ்த் தேடுக என்று ஒலியிலிருந்து எழுத்துக்குப் பாலமிடும் அட்டவணை. ஓரிரு பக்கமே வரும் இதைப்போல் உபயோகமான பக்கம் இத்துறையில் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். அகராதிகளில் ஏறாத புதுச் சொற்களை மட்டுமே திரட்டிய வீரா பைல் என்ற அம்மையாரின் நூலும் 1980-களில் இருந்து பெரும் புகழ்பெற்றது. இவற்றைச் செய்தவர்களுள் வைத்தியப் பட்டம் பெற்றவரைத் தேடினால் கிடைப்பது அரிது. தாமே கேட்டு எழுதி, தாமே திணறி, தமக்குப் பின் வருபவர் திணறாதிருக்கச் செய்த பெண்களே ஏறக்குறைய எல்லோரும்.

மருந்துப் பெயர்களின் சங்கதி தனி. எலும்பின் பெயர் என்றும் ஒன்றே. மருந்தின் பெயரோ ஆண்டுதோறும் பிறப்பது. 1947-இல் தொடங்கி ஆண்டுதோறும் வந்த பிசிஷியன்ஸ் டெஸ்க் ரெஃபரன்ஸ் என்னும் பெரும் புத்தகம் வைத்தியர் மேஜையில் பழசான பிறகு எழுதுபவள் மேஜைக்கு இறங்கி வந்தது. ஆனால் அது கம்பெனிவாரியாக அமைந்த நூல். 1992 முதல் டிரேக் தம்பதியர் சாண்டர்ஸ் கம்பெனிக்காகத் தொகுத்த மருந்துச் சொல்நூல், வியாபாரப் பெயர், பொதுப் பெயர், எந்த நோய்க்கு, மாத்திரையா ஊசியா, எந்த எழுத்து பெரிது என்பதை ஒரே வரியில் அடக்கிற்று. இதன் அருமையை அறிய ஒரு சம்பவம் போதும். அமிலத்தைக் குறைக்கும் லோசெக் என்ற மருந்து அமெரிக்காவில் புகுந்தபோது, சிறுநீரைப் பெருக்கும் லாசிக்ஸ் என்ற பழைய மருந்தோடு அதன் பெயர் குழம்பி விபரீதம் நேர்ந்ததால், 1990-இல் பிரைலோசெக் என்று பெயரையே மாற்றினார்கள். அதற்குப் பின் வந்த பத்தாண்டிலேயே மூட்டுவலிக்குச் செலிப்ரெக்ஸ், மனச்சோர்வுக்குச் செலெக்ஸா, வலிப்புக்குச் செரிபிக்ஸ் என்று மூன்று பெயர்கள் கடைக்கு வந்துவிட்டன. மருந்துக் கம்பெனிகள் பெயர் சூட்டுவதற்குக் கவிஞர்களை வைத்துக்கொள்ளாமல், கேட்டெழுதும் பெண் ஒருத்தியை வைத்துக்கொண்டிருக்கலாம்.

1978-இல் கலிஃபோர்னியா மாகாணத்தின் மொடெஸ்டோ என்ற ஊரில் இவர்களுக்கென்று ஒரு தேசிய சங்கம் அமைந்தது. 1985-இல் ஜனாதிபதி ரேகன் இவர்கள் பெயரால் ஒரு வாரத்தையும் பிரகடனம் செய்தார். பிரகடனங்களால் கூலி உயர்வதில்லையாதலால் அதனை அவ்வளவில் விட்டுவிடலாம். அச்சங்கம் 1995-இல் வெளியிட்ட நடைநூலோ அப்படிப்பட்டதன்று. எண்ணை எப்படி எழுதுவது, வைத்தியரின் இலக்கணப் பிழையை எந்த அளவுக்குத் திருத்தலாம், அவர் இடக்கண் என்று தொடங்கி வலக்கண் என்று முடித்தால் என்ன செய்வது என்றெல்லாம் அது விதி வகுத்தது. இவ்விதிகளுள் தலையாயது ஒன்று உண்டு. எவ்வளவு முயன்றும் ஒரு சொல் விளங்காவிட்டால், ஊகித்து நிரப்பாமல், அவ்விடத்தை வெற்றிடமாக விட்டு, இன்ன நிமிஷத்தில் இன்னவாறு ஒலிக்கிறது என்று வைத்தியருக்குக் குறிப்பெழுதி அனுப்பவேண்டும். தொழில் வழக்கில் இதற்கு பிளாங்க் விடுதல் என்று பெயர். மேலே சொன்ன எல்லாப் புத்தகங்களும் பிளாங்க்கைக் குறைப்பதற்கே தோன்றினவென்றாலும், அதை விடும் உரிமைதான் இத்தொழிலின் நாணயம். 2004-இல் ஜாயின்ட் கமிஷன் என்ற மருத்துவமனைத் தரநிர்ணய ஸ்தாபனம் வெளியிட்ட தகாத குறுக்கங்களின் பட்டியலும் இதே பயத்தில் பிறந்தது. யூனிட் என்பதற்கு 'யூ' என்ற ஓரெழுத்தை இட்டால் அது பூஜ்யமாகத் தெரிந்து பத்து மடங்கு இன்சுலின் போய்விடும். முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் பூஜ்யமும் இட்டால் 1.0 என்பது 10 ஆகிவிடும். தசமப் புள்ளிக்கு முன் பூஜ்யம் இடாவிட்டால் அரை ஐந்தாகிவிடும்.

தமிழ்நாட்டுக்கு இத்தொழில் வந்த வழியும் இங்கே சொல்லத்தக்கது. நியூயார்க்கில் மாலை ஏழு மணிக்கு வைத்தியர் பேசி முடிக்கும்போது குளிர்காலத்தில் இங்கே மறுநாள் காலை ஐந்தரை மணி. அங்கே அவர் தூங்கி எழுவதற்குள் அறிக்கை தயாராகிவிடும். 1990-களில் ஒலியைக் கணிப்பொறி வழியே அனுப்பும் வசதி உண்டானதும், முதலில் பெங்களூரிலும் அடுத்துச் சென்னை, கோயம்புத்தூர் முதலிய நகரங்களிலும் இதற்கான நிறுவனங்கள் எழுந்தன. நம் தெருக்களில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் என்ற ஸ்தாபனம் பல தலைமுறையாக இருந்து, லோயர், ஹையர் என்று அரசாங்கத் தேர்வுக்கு இளைஞர்களைத் தயார் செய்து வந்தமையால் விரல்களுக்குப் பயிற்சி முன்னமே இருந்தது. பயிற்சி தருகிறோம், வேலையும் தருகிறோம் என்று கட்டணம் வாங்கிக்கொண்டு, சில மாதங்களில் பலகையைக் கழற்றிவிட்டுப் போன பயிற்சி நிலையங்களும் அக்காலத்தில் இருந்தன. அவற்றால் பணத்தையும் ஓராண்டையும் இழந்தவர்களை இன்றும் சந்திக்கலாம்.

இங்கு வந்தவர்களுக்கு மருத்துவச் சொல் பெரும் இடராக இருக்கவில்லை என்பதுதான் விசித்திரம். வேர்ச்சொல், முன்னொட்டு, பின்னொட்டு என்று பிரித்து மனப்பாடம் செய்வது நம் பள்ளிகளில் பழகிய பிள்ளைகளுக்குக் கைவந்த கலை. வெட்டி எடுப்பது எக்டமி, வெட்டித் திறப்பது ஒட்டமி, வெட்டி வாயில் வைப்பது ஒஸ்டமி என்று ஒரு வாரத்தில் ஒப்பித்துவிடுவார்கள். அவர்களைத் திணறடித்தது சாதாரணப் பேச்சு: நோயாளி எந்தக் கடையில் வேலை செய்கிறார், எந்த விளையாட்டில் முழங்காலை முறித்துக்கொண்டார், எந்தச் சிற்றூரிலிருந்து வந்தார் என்பவை. டார்லண்டில் அவை இல்லை. சொல்லும் வைத்தியரே இந்தியராகவோ ஃபிலிப்பைன்ஸ் நாட்டவராகவோ இருந்து, அவர் ஆங்கிலம் அமெரிக்கர் காதுக்குக் கடினமாகவும் நம்மவர் காதுக்கு எளிதாகவும் இருந்ததுண்டு. விலை மிகுந்த அமெரிக்கப் புத்தகங்களை எல்லோரும் வாங்க முடியாத நிலையில், பில்லிங்ஸ் வளர்த்த அந்த ராணுவ நூலகத்தின் வாரிசான அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1997-இல் பப்மெட்டையும் 1998-இல் மெட்லைன் பிளஸ்ஸையும் காசில்லாமல் உலகுக்குத் திறந்துவிட்டது பெரும் உபகாரம். கூலி, இடைவெளியையும் சேர்த்து அறுபத்தைந்து எழுத்துக்கு ஒரு வரி என்ற கணக்கில், வரிக்கு இவ்வளவு என்று கிடைத்தது. புத்தகத்தைப் புரட்டும் நேரத்துக்குக் கூலி இல்லை. ஆகையால்தான் ஒவ்வொருவரும் தம் அறையிலேயே புதுச் சொற்களின் பட்டியலைத் தொகுத்துப் பகிர்ந்துகொண்டனர். மேலே சொன்ன அட்டைப்பெட்டி எக்ஸெல் தாளாக மறுபிறவி எடுத்தது.

2003 அக்டோபரில், சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் அறிக்கைகள் ஒருவர் கை மாறி ஒருவர் கையாகக் கராச்சியில் ஓர் அம்மையாரிடம் வந்து சேர, தமக்குச் சேரவேண்டிய கூலி வராததால் நோயாளிகளின் ரகசியத்தை வெளியிடுவேன் என்று அவர் எழுதிவிட்டார். அமெரிக்கப் பத்திரிகைகள் ரகசியம் போயிற்றே என்று அலறின. இடைத்தரகர் பலர் தின்றது போக எழுதியவளுக்கு என்ன மிஞ்சிற்று என்று கேட்டவர் மிகக் குறைவு. அவர் செய்தது தவறே. ஆனால் அந்த இரண்டாம் கேள்வியும் கேட்கத்தக்கதே.

பிற்பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2009-இல் அமெரிக்கா சட்டம் இயற்றி மின்னணு ஆவணங்களுக்கு மானியம் அளித்தபின், வைத்தியர்கள் பேசுவதற்குப் பதில் கட்டங்களில் குறியிடலாயினர். பேசியதையும் யந்திரமே எழுத்தாக்கத் தொடங்கியது. கேட்டெழுதியவர்கள் யந்திரம் எழுதியதைத் திருத்துபவர்களாக மாறி, வரிக்குக் கிடைத்த கூலியில் ஏறக்குறைய பாதியைப் பெறலாயினர். அவர்கள் சங்கமும் 2007-இலேயே பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது. யந்திரத்துக்கு டார்லண்டும் தெரியும், ஸ்லோனும் தெரியும். எழுத்துப் பிழை அதற்கு வருவதே இல்லை. பிளாங்க் விடத்தான் தெரியவில்லை. விஸ்பர் என்ற ஒலியுணரும் நிரல், யாரும் பேசாத வாக்கியங்களைத் தானே இட்டு நிரப்புவதை ஆராய்ச்சியாளர் பலர் கண்டனர் என்று 2024 அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி வெளியிட்டது. அதனை ஆதாரமாகக் கொண்ட மருத்துவக் கருவி ஒன்று மூல ஒலிப்பதிவை அழித்துவிடுகிறது என்றும் அச்செய்தியில் இருந்தது. அழிக்கமுடியாத பட்டையை 1947-இல் செய்தவர்களுக்குத் தெரிந்திருந்த விஷயம் இது. திருத்தும் வேலையில் இன்று இருக்கும் இளைஞர்கள், எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும், வைத்தியர் கையொப்பமிடும் வரையில் ஒலியைக் காப்பாற்றி வைக்கிறீர்களா, விளங்காத இடத்தில் பிளாங்க் விட்டால் கூலியைக் குறைப்பீர்களா என்ற இரண்டு கேள்விகளையும் சம்பளத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.